பூனைக்குப் பட்டினி வைத்தியம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், எலுமிச்சைத் தோலால் குழாய் துலக்குவதற்கும் மழைக்காலத்தில் அப்பளம் நமத்துப் போகாமல் வைப்பதற்கும் நடுவே நாலு வரியில் ஒரு பூனைக் குறிப்பு வந்திருந்தது. ட்ரை ஃபுட் என்கிற காய்ந்த தீனி தின்று பழகிய பூனை, வெட் ஃபுட் என்கிற ஈரத் தீனியைத் தொடாவிட்டால் இரண்டு மூன்று நாள் வேறு எதுவும் வைக்காதீர்கள், பசி வந்தால் தானாக வழிக்கு வரும் என்று எழுதியிருந்தீர்கள். குழாயும் அப்பளமும் சரி. பூனைக் குறிப்பு தப்பு. அதுவும் பூனையின் உயிரை வாங்கக்கூடிய தப்பு. போன வருஷம் அதே காரியத்தைச் செய்து, பூனை மருத்துவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. எங்கே வேண்டுமானாலும் கத்தரி போடுங்கள், பட்டினி விஷயத்தில் மட்டும் போட வேண்டாம்.

நான் மயிலாடுதுறைக்காரன். கூட்டுறவு நியாயவிலைக் கடையில் 31 வருஷம் விற்பனையாளராக இருந்தவன். ரேஷன் கடைக்காரன் போடும் எடையை ஊர் நம்பாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கீழே வருகிற தீனியின் கிராம் கணக்கெல்லாம் 350 ரூபாய்க்கு வாங்கிய சமையலறைத் தராசில் நானே நிறுத்தது, அன்றன்றே நோட்டில் எழுதியது.

பூனை என் மகளுடையது. பெங்களூரில் இரண்டு மாதக் குட்டியாக எடுத்து வளர்த்தாள். அப்புறம் வெளிநாட்டு வேலை கிடைக்கவும் ஒரு கூடை, ஒரு மணல் தட்டு, மூன்று கிலோ ட்ரை ஃபுட் பை சகிதம் எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். செவலை நிறக் கடுவன், கருத்தடை செய்தது, வயது ஐந்து. அச்சுவெல்லம் என்று பேர், கூப்பிடுவது அச்சு. வெல்லத்தின் பேரை வைத்தோமே தவிர, பூனைக்கு இனிப்பே தெரியாதாம். நாக்கில் இனிப்பை உணர வேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று 2005-இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தார் கண்டுபிடித்தார்கள். என் வீட்டம்மாள் பாலில் சர்க்கரை கலந்து வைத்துப் பார்த்தபோது மகள் போனில் சிரித்துக்கொண்டே சொன்ன தகவல் இது. பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பாலே ஒத்துக்கொள்ளாது என்பது உபரித் தகவல்.

அச்சு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தரங்கம்பாடியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா வாசலில் கூடையை இறக்கினார். பூனை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியை எடுத்து அதன் முன்னால் போட்டார். அச்சு மோந்து பார்த்தது, இரண்டடி பின்வாங்கியது, அப்புறம் மீனைச் சுற்றித் தரையைக் காலால் பிறாண்டியது, மணல் தட்டில் வேலை முடிந்ததும் மூடுமே அதே மாதிரி. “மீனை மூடுற பூனையை இப்பதான் சாமி பாக்குறேன்” என்று அந்த அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அச்சுவுக்குச் சாப்பாடு என்றால் அந்தக் காய்ந்த முக்கோண மணிகள்தான். கிண்ணம் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது மகளின் உத்தரவு. நாங்களும் பார்த்துக்கொண்டோம். பூனை 6 கிலோ 200 கிராம் ஆனது.

போன ஆடி மாசக் கடைசியில் ஒரு சாயங்காலம் அச்சு மணல் தட்டில் போய் உட்கார்ந்தது, எழுந்தது, திரும்ப உட்கார்ந்தது. முக்கியது. வித்தியாசமான குரலில் கத்தியது. மலச்சிக்கல் என்றுதான் நினைத்தோம். விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்றுகூடப் பேசினோம். ராத்திரி முழுக்கப் பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தது. விடிகாலையில் வாந்தி. மணலைக் கிளறிப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அப்போதுதான் இது வேறு சங்கதி என்று புத்தியில் உறைத்தது. கார் பிடித்துக் கும்பகோணத்தில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா வயிற்றில் கை வைத்ததும் முகம் மாறியது. மூத்திரப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்கிறது என்றார். கடுவனுக்கு மூத்திரக்குழாய் நுனியில் மிகவும் குறுகல். மணல் போன்ற படிகமும் சளியும் சேர்ந்து அந்த இடத்தை அடைத்துவிட்டால் மூத்திரம் வெளியேற வழியில்லை. சிறுநீரகம் கெட்டு, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். மயக்கம் கொடுத்து டியூப் போட்டு எடுத்தார்கள். மூன்று நாள் அங்கேயே இருந்தது. 9,400 ரூபாய் ஆனது.

(வீட்டில் கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். அடிக்கடி தட்டுக்குப் போய் முக்கி, ஒன்றும் வராமல் திரும்பினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்பது கிடையாது.)

டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா ஒரு கணக்குப் போட்டார். எனக்குக் கணக்கு பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ. ஒரு பூனைக்குக் கிலோவுக்கு 50 மில்லி வாக்கில் தண்ணீர் வேண்டும், சாப்பாட்டில் இருப்பதும் சேர்த்து. அச்சுவுக்கு 300 மில்லி. அது ஒரு நாளில் தின்கிற 60 கிராம் ட்ரை ஃபுட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். அதாவது 6 மில்லி, ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே. மிச்சம் அத்தனையும் கிண்ணத்திலிருந்து குடித்தாக வேண்டும். ஆனால் பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனை. எலியும் குருவியும் பிடித்துத் தின்று, அவற்றின் உடம்பில் இருந்த நீரிலேயே பெரும்பகுதி பிழைத்தது. எலியின் உடம்பில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். அதனால் தேடிப்போய்க் குடிக்கிற தாகம் பூனைக்குக் குறைவு. காய்ந்த தீனி போட்டால் கூடக் கொஞ்சம் குடிக்கும், முழுக்க ஈடுகட்டாது. மூத்திரம் கெட்டியாகும். கெட்டியான மூத்திரத்தில் படிகம் கட்ட வாய்ப்பு அதிகம்.

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். காலையில் 300 மில்லி ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்தேன். ஆவியாகிப் போவதற்காக அதே மாதிரி இன்னொரு கிண்ணம் அலமாரி மேலே வைத்து அதன் குறைச்சலையும் கழித்தேன். ஐந்து நாள் சராசரி 110 மில்லி. 300 எங்கே, 110 எங்கே! ரேஷன் கடையில் இப்படி எடை குறைந்தால் என்னை சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்.

ஆக, வெட் ஃபுட். பாக்கெட்டில் கூழாகவோ குழம்பாகவோ வருவது. அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். டாக்டரம்மா மாதிரிக்கு நாலு பாக்கெட் கொடுத்திருந்தார். ஒன்றைப் பிரித்து வைத்தேன். மத்தி மீனுக்கு நடந்த அதே மரியாதை. மோந்து, பின்வாங்கி, தரையைப் பிறாண்டி, மூடிவிட்டுப் போனது.

இங்கேதான் நான் உங்கள் குறிப்பில் உள்ளதைச் செய்தேன். வாக்கிங் வரும் நண்பர் ஒருவர், “பட்டினி போடுங்க சார், என் பேரனையே அப்படித்தான் இட்லிக்குப் பழக்கினோம்” என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி ட்ரை ஃபுட் டப்பாவைப் பரண் மேல் ஏற்றினேன். சனிக்கிழமை முழுக்க பாக்கெட் உணவு மட்டும். தொடவில்லை. கத்தியது. சாயங்காலம் கத்துவதையும் நிறுத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது. சரி, பிடிவாதம் உடைகிறது என்று நினைத்தேன். வீட்டம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஞாயிறு மத்தியானம், 40 மணி நேரம் ஆன பிறகு, ஏதோ உறுத்தவே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் அதட்டிய அதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. “உடனே அது சாப்பிடுவது எதுவோ அதைப் போடுங்கள். அப்புறம் பேசலாம்” என்றார்.

நாய்க்கும் மனுஷனுக்கும் இரண்டு நாள் பட்டினி பெரிய ஆபத்தில்லை. பூனைக்கு அப்படி இல்லை என்று பின்னால் விளக்கினார். சாப்பாடு நின்றதும் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. பூனையின் கல்லீரலுக்கு அவ்வளவு கொழுப்பையும் எரித்து வெளியே அனுப்பும் வசதி போதாது. அது அங்கேயே தேங்குகிறது. கல்லீரல் வீங்கி வேலையை நிறுத்துகிறது. ஈறு, கண், காதின் உட்புறம் மஞ்சளாகும். குமட்டலில் பூனைக்குச் சாப்பிடவே தோன்றாது, சாப்பிடாததால் இன்னும் கொழுப்பு சேரும். இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கலாம், குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். அந்த நிலைக்குப் போனால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ டியூப் போட்டு வாரக்கணக்கில் ஊட்ட வேண்டும். அப்படி ஊட்டியும் பிழைக்காத பூனைகள் உண்டு. “கத்துறத நிறுத்திட்டு கட்டிலுக்கடியில படுத்துச்சுன்னு சொன்னீங்களே, அது வழிக்கு வர்ற அடையாளமில்ல சார்” என்றார்.

பரணிலிருந்து டப்பாவை இறக்கிக் கிண்ணத்தில் கொட்டியதும் அச்சு கட்டிலுக்கடியிலிருந்து வந்து தின்ற வேகத்தை நான் மறக்கவில்லை. தின்றுவிட்டு என் காலில் உரசிவிட்டுத்தான் போனது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இனி நடந்த வழியைச் சொல்கிறேன். ஆவணியில் ஆரம்பித்தது, 11 வாரம் ஆனது. இணையத்தில் பத்து நாளில் மாற்றுங்கள் என்று போட்டிருக்கிறார்கள். குட்டிக்கும் நாக்கு அடங்கிய பூனைக்கும் அது சரியாக இருக்கலாம்.

முதல் வேலை, எப்போதும் நிறைந்திருக்கும் கிண்ணத்தை எடுத்தது. 60 கிராமையும் நாலு வேளையாகப் பிரித்தேன். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, ராத்திரி பத்து, வேளைக்கு 15 கிராம். அரை மணி நேரம் தட்டு இருக்கும், அப்புறம் எடுத்துவிடுவேன். நாள் முழுக்க ஊரில் கடை திறந்திருந்தால் யாரும் நேரத்துக்கு வரமாட்டார்கள், எனக்குத் தெரியாததா. இரண்டு நாள் பாதி தின்றது. மூன்றாம் நாள் ஐந்தே முக்காலுக்கே அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தது. வேளைக்கு வேளை பசி இருக்கட்டும், வயிறு மட்டும் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது, இதுதான் டாக்டரம்மா போட்ட கோடு. பட்டினிக்கும் இதற்கும் உள்ள தூரம் உங்கள் குறிப்பை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை அதைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, என் எடையைக் கழித்து எழுதினேன். வாரத்துக்கு 60 கிராமுக்கு மேல் இறங்கினால் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு வாரம்தான் அப்படி ஆனது.

இரண்டாவது, வாசனைக்குப் பழக்குவது. ட்ரை ஃபுட் தட்டிலிருந்து நாலடி தள்ளி, வேறொரு தட்டில் ஒரு தேக்கரண்டி வெட் ஃபுட். தின்ன வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்த நாற்றம் இருக்கிற இடத்தில் நிம்மதியாகத் தன் சாப்பாட்டைச் சாப்பிட்டால் போதும். பூனைகள் குட்டியில் தின்ற உருவத்தையும் பதத்தையும்தான் சாப்பாடு என்று மனதில் பதித்துக்கொள்கின்றன. அச்சுவைப் பொறுத்தவரை முக்கோணமாக, மொறுமொறுவென்று இல்லாத எதுவும் சாப்பாடே இல்லை. நமக்கு யாராவது ஒரு தட்டில் ஷாம்பூவை ஊற்றி வைத்துச் சாப்பிடச் சொன்னால் எப்படி இருக்கும்? தினமும் அரைச் சாண் கிட்டே நகர்த்தினேன். பத்து நாளில் இரண்டு தட்டும் ஒட்டி நின்றன. தரையைப் பிறாண்டுவது நின்றது. அதையே வெற்றி என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் காய்ந்த மணிகளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். இறைச்சித் தூளும் தானிய மாவும் சேர்த்துப் பிசைந்து, சூட்டோடு அழுத்தி, முறுக்கு பிழிவது போல் பிழிந்து வெட்டிக் காயவைத்து, கடைசியில் மேலே கொழுப்பும் ஈரல், குடல் முதலானவற்றைக் கரைத்தெடுத்த சாறும் தெளிக்கிறார்கள். பூனையை இழுப்பது அந்த மேல்பூச்சு. இது இவ்வளவு பரவியதற்குக் காரணம் பூனையும் இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் நாய், பூனைத் தீனியில் பெரும்பகுதி தகர டப்பாவில்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குக் கட்டுப்பாடு வரவும் கம்பெனிகள் காய்ந்த தீனிக்கு மாறின. ரேஷன் வந்தால் சாப்பாடு மாறும் என்பது எனக்குப் புதிதில்லை.

மேல்பூச்சுதான் ரகசியம் என்று தெரிந்ததும் மணிகளைப் பொடித்து வெட் ஃபுட்டின் மேல் தூவலாம் என்று தோன்றியது. மிக்ஸியில் போட்டேன். சட்னி ஜாரில் பூனைத் தீனியா என்று வீட்டில் ஒரு பூகம்பம். இஞ்சி தட்டும் சின்னக் கல்லுரலைத் தியாகம் செய்து எனக்குக் கொடுத்தாள், அது இப்போது அச்சுவின் சொத்து. மேலே பொடி, அடியில் கூழ். பொடியை மட்டும் நக்கியெடுத்தது. நக்கும்போது கொஞ்சம் கூழும் நாக்கில் ஒட்டும் அல்லவா, அந்த ஒட்டலில்தான் காரியம் நடந்தது. இது மூன்றாவது வாரம்.

பதத்தில் நான் நிறையப் பணம் விட்டேன். குழம்பில் துண்டு மிதக்கிற வகையில் குழம்பை நக்கிவிட்டுத் துண்டுகளை வரிசையாக விட்டுவிடும். ஜெல்லி வகையைக் கண்ணாலேயே பார்க்காது. கடைசியில் துவையல் மாதிரி நைஸாக அரைத்த வகைதான் பிடித்தது. எடுத்த எடுப்பில் ஒரே வகையில் 24 பாக்கெட் பெட்டி வாங்காதீர்கள். நான் வாங்கினேன். எங்கள் கொல்லைக்கு வரும் தெருப்பூனைகள் இரண்டு வாரம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டன.

சூடு முக்கியம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உணவுக்கு வாசனை கிடையாது, பூனை சாப்பிடுவது மூக்கால். பாக்கெட்டைப் பிரிக்காமல் டபராவில் வெந்நீர் ஊற்றி அதில் ஐந்து நிமிஷம் போட்டு வைப்பேன். கைக்குழந்தைக்குப் பால் பார்ப்பது போல் மணிக்கட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிடித்த எலியின் உடம்புச் சூடு 38 டிகிரி வாக்கில் இருக்கும், அந்தக் கணக்கு. பிரித்த பாக்கெட்டில் மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். தட்டில் வைத்ததை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. எறும்புக்கு, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் தட்டு. வெளிநாட்டு யூடியூப் காணொளிகளில் எறும்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை போலிருக்கிறது.

ஐந்தாவது வாரத்தில் பாதிக்குப் பாதி தின்ன ஆரம்பித்திருந்தது. அங்கே நானே கெடுத்தேன். குடற்புழு மாத்திரை கொடுக்க வேண்டிய நாள். பொடித்து வெட் ஃபுட்டில் கலந்துவிட்டேன், சாமர்த்தியம் என்று நினைப்பு. ஒரு வாய் வைத்தது, வாயோரம் நுரை தள்ளியது, ஓடியது. தெனாலிராமன் பூனைக்குக் கொதிக்கக் கொதிக்கப் பால் வைத்த கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கப்புறம் அந்தப் பூனை பாலைக் கண்டாலே ஓடியதே, கதை என்று சிரித்தோம், அது கதையே இல்லை. ஒரு முறை கசந்த உணவைப் பூனை வாரக்கணக்கில் நினைவு வைத்துக்கொள்ளும். அந்தக் கம்பெனி, அந்தச் சுவை, அந்தத் தட்டு, அந்த மூலை, எல்லாமே அச்சுவுக்கு விரோதியாகிவிட்டன. டாக்டரம்மா சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினேன். கோழிக்குப் பதில் சூரை, பீங்கான் தட்டுக்குப் பதில் எவர்சில்வர், அடுப்படிக்குப் பதில் கூடம். திரும்ப நாலடி தள்ளி ஒரு தேக்கரண்டியிலிருந்து ஆரம்பம். மாத்திரையை இப்போது வாயைத் திறந்து நேரடியாகப் போடுகிறோம். இரண்டு பேர், ஒரு துண்டு, ஒரு வசவு.

எங்கள் ஊரில் ஐப்பசி கடைசி நாள் கடைமுகம். காவிரித் துலாக்கட்டத்தில் ஊரே முழுகும். அன்றைக்குள் முழுசாக மாற்றிவிடுவது என்று எனக்குள் ஒரு கெடு வைத்திருந்தேன். கடைமுகத்தன்று காலையில் பொடி தூவாத தட்டை வைத்தேன். முறைத்துவிட்டுப் போய்விட்டது, கொஞ்சம் பொடி தூவித்தான் தின்னவைத்தேன். மறுநாள் கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்கு. கால் முடியாத பக்தர் ஒருவர் நடந்து நடந்து ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தாராம், அவருக்காக இறைவன் கொடுத்த மறுநாள் சலுகை அது. அன்று காலை அச்சு வெறும் கூழை, பொடியில்லாமல், தட்டு பளபளக்கிற வரை நக்கித் தின்றது. வீட்டம்மாள் ஆற்றுக்குப் போய் முழுகிவிட்டு வந்தாள்.

இன்னும் இரண்டு விஷயம். பாக்கெட் எதற்கு, மீனை அவித்துப் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். எப்போதாவது ஒரு துண்டு போடலாம், அதையே சாப்பாடாக்க முடியாது. டாரின் என்று ஒரு சத்து பூனைக்கு உணவில் வந்தே ஆக வேண்டும், உடம்பே போதுமான அளவு செய்துகொள்ளாது. அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து உப்பிவிடும் என்று 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் பூனைத் தீனியில் அதைக் கூட்டிப் போட்டன. அவிக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரை நாம் கொட்டிவிடுகிறோம். எலும்பில்லாத மீனில் சுண்ணாம்புச் சத்தும் போதாது. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுவது அதைவிட மோசம், வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கடை உணவிலும் அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும். முழு உணவு என்று போட்டதும் உண்டு, துணை உணவு என்று பொடி எழுத்தில் போட்டதும் உண்டு. பின்னதை மட்டும் போட்டு வளர்க்கக் கூடாது. கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்து அது.

அடுத்தது காசு. பாக்கெட் ஒன்று 85 கிராம், எங்கள் கடையில் 45 ரூபாய். முழுசாக அதிலேயே வளர்த்தால் மூன்று பாக்கெட், நாளைக்கு 135, மாசம் 4,050. கூட்டுறவுக் கடையில் இருந்தவனுக்கு அவ்வளவு தாங்காது, மகள் அனுப்பினாலும் மனசு வராது. டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சங்கடப்படவே இல்லை. இப்போது காலையும் மாலையும் ஒவ்வொரு பாக்கெட், ஒவ்வொன்றிலும் 20 மில்லி வெந்நீர் கலந்து. ராத்திரி பத்து மணிக்கு 18 கிராம் ட்ரை ஃபுட், அது அச்சுவுக்கு முறுக்கு மாதிரி. உணவிலிருந்து 170 மில்லிக்கு மேல் போகிறது, கிண்ணத்தில் 50, 60 குடிக்கிறது. 110-லிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். மூத்திரம் பட்டு மணலில் சேர்கிற கட்டி முன்பு நெல்லிக்காய் அளவு, இப்போது ஆரஞ்சுப்பழ அளவு. இதைச் சந்தோஷமாகச் சொல்கிற வயதுக்கு வந்துவிட்டேன். எடை 5 கிலோ 650. ஒரு வருஷமாக அடைப்பு திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டரம்மா சத்தியம் செய்யவில்லை, வாய்ப்பு குறையும் என்றுதான் சொன்னார்.

ட்ரை ஃபுட் விஷம் என்று சொல்ல வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் பூனை 13 வயது, ஆயுள் முழுக்க அதையே தின்று மதில் தாண்டுகிறது. அவரவர் பூனைக்கு எது என்று மருத்துவர் சொல்லட்டும். என் புகார் அந்த நாலு வரி மேல் மட்டும்தான். உங்கள் இணைப்பை மளிகை சாமான் கட்டிய காகிதம் வரை படிக்கிற ஊர் இது. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு இந்த வாரமே யாராவது கிண்ணத்தைப் பரணில் ஏற்றியிருப்பார்கள். வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், பூனை ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கேளுங்கள், பட்டினி போடாதீர்கள் என்று ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும், அப்பளக் குறிப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

என் பெயரைப் போட வேண்டாம். மீன்கார அம்மா ஏற்கெனவே எனக்குப் பூனைத் தாத்தா என்று பேர் வைத்துவிட்டார். மணி ஐந்தே முக்கால், ஒருத்தன் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டான். டபராவில் வெந்நீர் வைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
மயிலாடுதுறை.